பரிசு பெற்ற நாவலும் பரிசு பெறாத நாவலும்

காதல் கதைகளைப் படிப்பது காலத்தை வீணாக்குவதே என்று கூறுவோர் எக்காலத்தும் உண்டு. பலரும் விரும்பிப் படிக்கும் நூல் தரமுடையதாக இராது என்பது அவர்தம் கட்சி. ஆயினும் தமிழ் நாவல்கள் பெற்ற பரிசுகளின் வரலாறு அக்கட்சிக்கு முற்றும் துணைநிற்கவில்லை.

சாகித்திய அகாதெமியின் தமிழ்ப் பரிசு 1956-இல் கல்கியின் 'அலை ஓசை'க்குக் கிடைத்தது. 1954-இலேயே மறைந்துவிட்ட அவர் அதனைக் காணக் கொடுத்துவைக்கவில்லை. 1963-இல் அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' பரிசு பெற்றது. ரயில்வே தபால் பகுதியில் பணியாற்றியவர் அகிலன் என்பது ரயில்வே ஊழியர்களாகிய எம்மனோர்க்குப் பெருமை தருவது. 1975-ஆம் ஆண்டிற்குரிய ஞானபீடப் பரிசும் 'சித்திரப்பாவை' வாயிலாக அவரை அடைந்தது. தமிழுக்கு வந்த முதல் ஞானபீடம் அதுவே. அத்தகைய பரிசுக்கு அவர் எழுத்துத் தகுமா எனச் சுந்தர ராமசாமி கடுமையாக வினவினார். பரிசு பெற்ற நூலையும் ஆராய்ந்தே படித்தல் வேண்டும் என்பதை அவ்வினா நமக்கு உணர்த்திற்று.

குடும்பக் கதைகளால் பெண்மணிகளின் உள்ளங் கவர்ந்தவர் டாக்டர் லட்சுமி. திரிபுரசுந்தரி என்பது அவரது இயற்பெயர். கதை எழுதிப் பெற்ற ஊதியம் அவரது மருத்துவப் படிப்பிற்கு உதவிற்று. மணம் புரிந்தபின் தென்னாப்பிரிக்காவில் பல்லாண்டு வாழ்ந்தும் அவர் தமிழை மறந்தாரில்லை. 1984-இல் 'ஒரு காவிரியைப் போல' என்னும் அவரது நாவலுக்கு அகாதெமிப் பரிசு கிடைத்தது.

நிற்க. நூற்றுக்கு மேற்பட்ட காதல் நாவல்களை எழுதிய ரமணிசந்திரனின் பெயர் அப்பட்டியலில் இல்லை. செல்வமும் செருக்கும் நிறைந்த நாயகன், பொறுமையே உருவான நாயகி, இறுதியில் திருமணம் என ஒரே அச்சில் வார்த்த கதைகள் என்பது அவற்றின்மீது கூறப்படும் குறை. அக்குறையில் உண்மை உண்டு. ஆனால், வெளியே கன்னடமும் அலுவலகத்தில் ஆங்கிலமும் வழங்கும் இந்நகரில், நம் இல்லத்துப் பெண்டிர் பலரைத் தமிழ் எழுத்தோடு பிணைத்து வைத்தவை அத்தகைய மாத நாவல்கள் அன்றோ? கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்த அப்புத்தகங்கள் செய்த தொண்டிற்கு எந்தப் பரிசுக் குழுவும் மதிப்பெண் இட்டதில்லை.

இப்பொழுது நம் முன் நிற்கும் கவலை வேறு. தாய் விரும்பிப் படித்த மொழியை மகள் பேசுகிறாள், படிக்க அறியாள். வீட்டிலே தமிழ்ப் புத்தகம் இல்லையேல் அடுத்த தலைமுறையில் பேச்சும் தேய்ந்து போகும்.

இளையோர்க்கான நூல்களுக்கு அகாதெமி 2010 முதல் பால சாகித்திய புரஸ்காரம் வழங்கி வருகிறது. 2020-இல் பரிசு பெற்ற பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' சிறுவர்கள் தம்மைக் காத்துக்கொள்ளும் நெறியைக் கதையாகச் சொல்வது. 2023-இல் பரிசு பெற்ற உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியின் தொன்மையைச் சிறுவன் ஒருவன் வழியே காட்டுவது. எளிய நடையில் அமைந்த இவை, எழுத்துக் கூட்டிப் படிப்போரையும் மேலே இழுத்துச் செல்ல வல்லன.

எனவே அன்பர்களே, பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு ஒரு தமிழ் நூல் வாங்குங்கள். அல்சூர் ஏரிக்கரையிலுள்ள தமிழ்ச் சங்க நூலகத்திற்கு அவர்களை அழைத்துச் செல்லுங்கள். நாள்தோறும் ஒரு பக்கம் அவர்கள் வாய்விட்டுப் படிக்க, அருகிருந்து கேளுங்கள். அவர்கள் காதல் கதையொன்றை எடுத்தாலும் தடுக்கற்க. அதிலேயே நின்றுவிடாமல் அடுத்த நூலையும் கையில் கொடுங்கள். பரிசு நூலுக்குப் பெருமை சேர்க்கும். வாசகரே அதற்கு உயிர் அளிப்பர்.