நெருப்புக்கோழி முட்டையில் ஏறிய யானை

நெருப்புக்கோழி முட்டையைக் கையில் வாங்குகிற எல்லோரும் முதலில் விரலால் சுண்டித்தான் பார்க்கிறார்கள். 'டங்'கென்று பீங்கான் சத்தம். ஓடு சுமார் 2 மில்லிமீட்டர் கனம். முழு முட்டை ஒன்றரை கிலோவை நெருங்கும். இரண்டு டஜன் கோழிமுட்டைக்குச் சமம். என் கைக்கு வருவது, அடியில் துளை போட்டு உள்ளே இருப்பதை எடுத்துக் கழுவிய வெறும் ஓடு. கப்பல் வேலைக்குப் போன தம்பி, தென்னாப்பிரிக்காவில் பண்ணை முட்டையாகப் பார்த்து ரசீதோடு வாங்கி வருவான். அங்கே பொரிக்காத முட்டைகளில் சிங்கம், வரிக்குதிரை படம் ஒட்டிச் சுற்றுலாக்காரர்களுக்கு விற்கிறார்கள். குறிஞ்சிப்பாடியில், தறிச் சத்தத்துக்கு நடுவே, நானும் அதைத்தான் செய்கிறேன்.

இதற்கு டெகூபாஜ் என்று பெயர். காகிதப் படத்தை ஒட்டி, வார்னிஷ் மேல் வார்னிஷாகப் பூசி, வரைந்ததோ என்று மயங்க வைக்க வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத்து மரச்சாமான்களில் இந்த வேலை கொடிகட்டிப் பறந்தது. மரப்பலகை தட்டை, முட்டை அப்படியில்லை. தட்டைக் காகிதம் உருண்டையில் உட்காராது, சுருங்கும். சண்டையே அங்கேதான்.

அதனால் நான் எடுப்பது சாப்பாட்டு மேசையில் வைக்கிற மூன்றடுக்கு டிஷ்யூ. படம் அச்சான மேலடுக்கை மட்டும் உரித்தெடுப்பேன். கத்தரிக்கோல் கிடையாது. படத்தைச் சுற்றி ஈரத் தூரிகையால் ஒரு கோடு இழுத்து, அந்த ஈரத்தில் மெல்லக் கிழிக்க வேண்டும். பிசிறான ஓரம் ஓட்டோடு கரைந்துவிடும். வெட்டிய ஓரம் கடைசிவரை காட்டிக்கொடுக்கும். ஃபெவிகாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தடவுவேன். ஓட்டின் நடுவயிற்றில் வளைவு குறைவு, யானைக்கு அதுதான் இடம். ஒட்டகச்சிவிங்கி படுத்தி எடுக்கும். கழுத்து மேலே ஏற ஏறச் சுருக்கம் விழும். தலையைத் தனியாகக் கிழித்து ஒட்டுவேன். காயும்வரை முட்டை பிரிமனையில் உட்கார்ந்திருக்கும்.

ஒட்டியபின் டிஷ்யூவின் வெள்ளை மறைந்து, ஓட்டின் தந்த நிறமும் ஊசிக்குத்துப் போன்ற துளைகளும் தெரியும். அதனால் முட்டை முழுக்கப் படத்தால் மூடுவது எனக்குப் பிடிக்காது. அப்படி மூடுவதற்கு ஒரு மண்பானை போதுமே! கொங்குப் பக்கம் ஈமு பண்ணைகள் கொழித்த காலத்து ஓடு ஒன்றும் என்னிடம் உண்டு. கரும்பச்சை. அதில் டிஷ்யூ ஒட்டினால் படமே தெரியாது. அடியில் வெள்ளை பூசியாக வேண்டும். அவ்வளவு அழகான பச்சையை மறைக்க மனசு வராமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

"ஏன்க்கா, நம்ம ஊரு யானைய ஒட்டக்கூடாதா?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். முறம் போன்ற காதைப் பார்த்தே ஆப்பிரிக்க யானை என்று கண்டுபிடித்துவிட்டாள். ஒட்டலாம்தான். சொல்லப்போனால் நெருப்புக்கோழியே ஒரு காலத்தில் நம் நாட்டுப் பறவை. மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் மாவட்டத்தில், பட்ணே என்ற இடத்தில் நெருப்புக்கோழி ஓட்டுத் துண்டு கிடைத்தது. அதில் இணைகோடுகளுக்கு நடுவே குறுக்கும் மறுக்குமாகக் கீறியிருக்கிறார்கள். வயது ஏறக்குறைய 25,000 ஆண்டுகள். 2017-ல் ஹைதராபாத் விஞ்ஞானிகள், இந்தியாவில் கிடைத்த பழைய ஓடுகளிலிருந்து மரபணுவைப் பிரித்து, அது ஆப்பிரிக்க நெருப்புக்கோழியின் சொந்தம்தான் என்று உறுதி செய்தார்கள். தென்னாப்பிரிக்காவின் டீப்க்ளூஃப் குகையில் கிடைத்த கீறல் ஓடுகள் இன்னும் பழையவை, 60,000 ஆண்டுகள். தண்ணீர்க் குடுவையாகப் புழங்கியவை என்கிறார்கள்.

இதைச் சொன்னதும் அந்தப் பெண்ணின் மகன் வயலில் கிடந்த மயில் முட்டையைக் கொண்டுவரவா என்றான். கூடவே கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அதை எடுப்பதே குற்றம். கற்றுக்கொள்ள வாத்து முட்டை போதும், இரு முனையிலும் ஊசியால் குத்தி ஊதிவிடலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் ஆரம்பிக்காதே என்றேன். நம் கடலோர ஈரத்தில் வார்னிஷ் நாலு நாளானாலும் பிசுபிசுக்கும். தை பிறக்கட்டும்.