தடை போடாமலே ஒரு எழுத்தாளரை நிறுத்தியது எப்படி? பெருமாள்முருகன் கதை

வண்டலூர்ல என் ரூம்ல இருந்துதான் பேசுறேன். நடுவுல எலெக்ட்ரிக் ட்ரெயின் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க.

பிரெஞ்சு நாவலாசிரியர் மிஷெல் வெல்பெக் பற்றிப் பேசச் சொல்லி ஒரு நேயர் கேட்டிருந்தார். படித்துப் பார்த்தால், நம்ம ஊர்க் கதை ஒன்று அதே வாரத்தில் நடந்திருக்கிறது. 2015 ஜனவரி 7 அன்று வெல்பெக்கின் சர்ச்சைக்குரிய நாவல் வெளியானது. அன்றைக்கே பாரிஸில் ஷார்லி எப்தோ பத்திரிகை அலுவலகத்தில் தாக்குதல். அவர் புத்தக விளம்பரத்தை நிறுத்திவிட்டு ஊரை விட்டுப் போனார். ஆனால் எழுதுவதை விடவில்லை.

ஐந்து நாள் கழித்து, ஜனவரி 12. இடம் நாமக்கல். எழுத்தாளர் பெருமாள்முருகன் ஒரு 'சமாதானப் பேச்சுவார்த்தை'க்குப் போகிறார்.

அவர் புதியவர் இல்லை. முதல் நாவல் 'ஏறுவெயில்' 1991-லேயே வந்தது. அப்போது அரசுக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர். பிரச்சினைக்குரிய 'மாதொருபாகன்' 2010-ல் வெளியான நாவல். குழந்தை இல்லாத காளி, பொன்னா தம்பதியின் கதை; திருச்செங்கோடு தேர்த் திருவிழா பின்னணியில் நடக்கிறது. நான்கு வருஷம் யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. ஆங்கில மொழிபெயர்ப்பு வந்த பிறகு, 2014 டிசம்பரில் போராட்டம் வெடித்தது. ஊரையும் பெண்களையும் இழிவுபடுத்துகிறது என்றார்கள்.

இங்கேதான் கவனிக்கணும். அரசு புத்தகத்தைத் தடை செய்யவில்லை. எந்த நீதிமன்றமும் குற்றம் என்று சொல்லவில்லை. அதிகாரிகள் முன்னிலையில் ஒரு பேச்சுவார்த்தை, நிபந்தனையற்ற மன்னிப்பு, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவதாக ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். ஓரிரு நாளில், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று முகநூலில் அவரே அறிவித்தார்.

சட்டப்படி வந்த தடை என்றால் மேல்முறையீடு செய்யலாம். 'சமாதானம்' என்று பெயர் வைத்துவிட்டால் எதை எதிர்த்துப் போவது? சென்னை உயர்நீதிமன்றத்தில் தீர்ப்பு வர 2016 ஜூலை 5 வரை ஆனது. தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு, அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்றது. நாவல் மீதான எதிர்ப்பையும் ஏற்கவில்லை. அவர் திரும்ப எழுத வேண்டும் என்றது.

எழுதினார். அதே வருஷம் 'பூனாச்சி' வந்தது. ஒரு வெள்ளாட்டின் கதை. மனிதர்களைப் பற்றி எழுதப் பயம் என்பதால் ஆட்டைத் தேர்ந்தெடுத்ததாக முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். பிறகு 2023-ல் 'பூக்குழி'யின் ஆங்கில வடிவம் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. 'ஆளண்டாப் பட்சி' மொழிபெயர்ப்புக்கு ஜேசிபி பரிசு.

வெற்றிக் கதைதான், இல்லையா? ஆனால் திரும்பி வந்தபோது அவர் சொன்ன ஒன்று எனக்கு மறக்கல: தனக்குள்ளே இப்போது ஒரு தணிக்கையாளர் உட்கார்ந்திருக்கிறார் என்றார். தீர்ப்பு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தது. அந்த ஆளை வெளியே அனுப்ப எந்தத் தீர்ப்பாலும் முடியாது.

இந்த எபிசோடை எடிட் பண்ணும்போது, எங்க ஊர்த் திருவிழா பற்றிச் சொன்ன ஒரு வரியை நானே வெட்டிட்டேன். யாரும் வெட்டச் சொல்லல.

நீங்க 'மாதொருபாகன்' படிக்கலைன்னா, கருத்து சொல்றதுக்கு முன்னாடி முழுசா ஒரு தடவை படிங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.