ஸ்ட்ராட்டஜி மீட்டிங் நடத்த வெளியாள் எதுக்கு?

"மீட்டிங் நடத்த வெளியிலிருந்து ஃபெசிலிடேட்டரா? தண்டச் செலவு"ன்னு நினைக்கிறீங்களா?

முதல்ல கணக்கைப் பார்ப்போம். ஆண்டுக்கு 12 லட்சம் சிடிசி, 240 வேலை நாள்னா, ஒருத்தருக்கு ஒரு நாள் 5,000 ரூபாய். 10 பேர் உட்கார்ந்தா 50,000. எம்.டி. பேச, மத்தவங்க தலையாட்டினா அது போச்சு.

என் கிளையன்ட் கம்பெனி ஒன்றில் இரண்டாவது பிராஞ்ச் திறக்கலாம் என்றார் முதலாளி. எல்லோரும் ஓகே. டீ பிரேக்கில் அக்கவுண்ட்ஸ் தம்பி என்னிடம், "இருக்கற பிராஞ்சுக்கே கலெக்‌ஷன் வரலை சார். அங்க சொன்னா என் இன்கிரிமெண்ட் போயிடும்" என்றார். நான் வெளியாள், அதனால சொல்ல முடிஞ்சது.

ஃபெசிலிடேட்டரோட பலமும் அதுதான். முடிவெடுப்பது அவர் வேலை இல்லை. முன்கூட்டியே தனித்தனியா பேசுவார், கருத்தைப் பேப்பரில் எழுத வைப்பார், முதலாளியைக் கடைசியில் பேச வைப்பார். யார், எந்தத் தேதிக்குள், என்ன செய்யணும்னு எழுதி முடிப்பார்.

முதலாளி ஏற்கெனவே முடிவெடுத்துட்டார்னா மட்டும், இந்த ஃபீஸும் அதுக்கு மேல 18% ஜிஎஸ்டியும் தண்டம்தான்.

உங்களைத் தனியா கேட்டா, "என் பேர் வெளியே போகுமா?"ன்னு முதல்ல கேளுங்க. பிறகு மழுப்பாம, நம்பரோட சொல்லுங்க. தப்பான முடிவால லேட் ஆகப்போறது உங்க சம்பளமும்தான்!