நெரிசலில் மூச்சு ஏன் நின்றுபோகிறது?

கூட்ட நெரிசலில் இறப்பவர்களில் பெரும்பாலோர் மிதிபட்டு இறப்பதில்லை. மூச்சடைத்து, சில வேளை நின்றபடியே இறக்கிறார்கள். மூச்சை இழுக்க நெஞ்சுக்கூடு விரிய வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஐந்தாறு பேருக்கு மேல் சேர்ந்தால் அதற்கே இடமில்லாமல் போகிறது. யாரும் தன் விருப்பப்படி நகர முடியாது. கூட்டம் வெள்ளம்போல அலையலையாக அசையும். பின்னால் தள்ளுபவர்களின் சிறு சிறு விசைகள் ஒன்றுசேர்ந்து, முன்வரிசையில் இரும்புத் தடுப்பையே வளைத்துவிடும். பின்னால் நிற்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. அவர்மேல் பழி போடுவது நியாயமல்ல.

ஆம்பூரை அடுத்த வாணியம்பாடியில் இப்படியொரு நெரிசல் ஏற்பட்டது. அங்கே 2023 பிப்ரவரி 4 அன்று, தைப்பூசத்தையொட்டி இலவச வேட்டி, சேலைக்கான டோக்கன் வாங்கத் திரண்ட கூட்டத்தில் 4 பெண்கள் இறந்தனர்.

டோக்கனைத் தெருவாரியாக, வெவ்வேறு நேரத்தில் கொடுத்தால் அவ்வளவு பேர் ஓரிடத்தில் கூட வேண்டியதில்லை. கூடித்தான் ஆகவேண்டுமென்றால், உள்ளே வரும் வழியும் வெளியேறும் வழியும் தனித்தனியாக இருக்க வேண்டும். வளைந்து வளைந்து செல்லும் வரிசை, பின்னாலிருந்து வரும் அழுத்தத்தை முறிக்கும். 108 ஆம்புலன்ஸுக்கு ஒரு பாதை எப்போதும் காலியாக இருக்க வேண்டும். உயரத்திலிருந்து கவனிப்பவருக்கு நுழைவை உடனே நிறுத்தும் அதிகாரமும் தேவை. முன்னால் அழுத்தம் கூடும்போது முதலில் நிறுத்த வேண்டியது பின்னாலிருந்து வருபவர்களைத்தான்.