கடலுக்கும் வியர்க்கிறது
கோடையில் கொதிக்கும் பெங்களூரில் கடல் மீன் தொட்டியைக் காப்பாற்ற சில்லர் தேவையில்லை. இரண்டு குட்டி ஃபேன்களும் மண்பானைத் தத்துவமும் போதும்.

ஃபேன் இல்லாமலே தூங்கலாம் என்று பெங்களூர்வாசிகள் பெருமையடித்துக்கொண்ட காலம் உண்டு. 2016 ஏப்ரல் 24ஆம் தேதி வெயில் 39.2 டிகிரியைத் தொட்டது. 2024 ஏப்ரல் 28ஆம் தேதி மீண்டும் 38.5 டிகிரி. மனிதர்கள் மோர் குடித்துச் சமாளித்தார்கள். வரவேற்பறையில் கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு அது முடியாது. மீன்களால் நிழல் தேடி ஓட முடியாதே.

கடல் மீன்களுக்கும் பவளங்களுக்கும் 24 முதல் 27 டிகிரி வரை சுகம். 30ஐத் தாண்டினால் ஆபத்து. வெப்பம் ஏற ஏற மீனின் உடல் வேகமாக இயங்கும். பிராணவாயு அதிகம் தேவைப்படும். தண்ணீரிலோ அது குறைந்துகொண்டே போகும். 25 டிகிரியில் இருக்கும் கடல்நீரை 30 டிகிரிக்குச் சூடாக்கினால் அதில் கரையக்கூடிய பிராணவாயு சுமார் 8 சதவீதம் குறைகிறது. பெங்களூரில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றழுத்தமே பத்தில் ஒரு பங்கு குறைவு. அதே அளவுக்குத் தண்ணீரில் கரையும் பிராணவாயுவும் குறைவு. சென்னைத் தொட்டியைவிட பெங்களூர்த் தொட்டி சீக்கிரம் மூச்சுத் திணறும்.

பவளத்தின் கதை வேறு. அதன் திசுக்களுக்குள் வாழும் நுண்பாசிகள்தான் அதற்கு நிறமும் தருகின்றன, சாப்பாடும் போடுகின்றன. சூடு தாங்காதபோது பவளம் அந்தப் பாசிகளை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகிறது. மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் நடந்தது இதுதான். நடுக்கடலில் பல நாட்கள் எடுக்கும் காரியம், 100 லிட்டர் தொட்டியில் ஒரே பிற்பகலில் முடிந்துவிடலாம்.

சூடு வருவது எங்கிருந்து?

வெயிலை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தொட்டிக்குள் ஓடும் பம்ப் இழுக்கும் மின்சாரம் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. 100 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் 100 லிட்டர் நீரைக் கிட்டத்தட்ட ஒரு டிகிரி சூடாக்கும். எனவே முதல் வைத்தியம்: தேவைக்கு மேல் பெரிய பம்பை மாற்றுங்கள். பழைய மெட்டல் ஹாலைட் விளக்குக்குப் பதில் எல்இடி போடுங்கள். பிற்பகலில் விளக்கை அணைத்துவிட்டு, மாலை ஆறு மணிக்குப் போட்டு நள்ளிரவில் நிறுத்துங்கள். மீன்களுக்குப் பகல் எது, இரவு எது என்பதை முடிவு செய்வது விளக்குதான். மேற்குச் சுவரை ஒட்டியோ மொட்டைமாடிக்கு நேர் கீழேயோ தொட்டி இருந்தால் இடத்தை மாற்றுவது உத்தமம்.

அடுத்தது ஃபேன். கம்ப்யூட்டருக்குள் சுழலும் 12 வோல்ட் குட்டி ஃபேன்கள் எஸ்.பி. ரோட்டில் மலிவாகக் கிடைக்கும். தொட்டியின் கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, நீர்ப்பரப்பின்மேல் சாய்வாகக் காற்று வீசும்படி இரண்டைப் பொருத்த வேண்டும். மூடிக்குப் பதில் வலை அவசியம். துள்ளிக் குதிக்கும் மீன்கள் தரையில் கிடக்கும்.

இதன் சூட்சுமம் மண்பானையில் இருப்பதுதான். ஆவியாகும் நீர் தன்னோடு வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியானால் போகும் வெப்பம், 100 லிட்டரை ஏறக்குறைய 6 டிகிரி குளிர்விக்கப் போதுமானது. வெளியிலிருந்து வெப்பம் வந்துகொண்டே இருப்பதால் நடைமுறையில் கிடைப்பது 2 முதல் 4 டிகிரி. நாளுக்கு 2 லிட்டர் ஆவியானால், சராசரியாக 56 வாட் வெப்பம் வெளியேறுகிறது என்று கணக்கு. ஃபேன்கள் இழுப்பதோ 5 வாட்.

இங்கேதான் பெங்களூருக்கு அதிர்ஷ்டம். கோடைப் பிற்பகலில் அங்கே காற்று வறண்டிருக்கிறது. 36 டிகிரி வெயிலில் காற்றின் ஈரப்பதம் 25 சதவீதமாக இருந்தால், ஆவியாதல் நீரைக் கொண்டுபோகக்கூடிய எல்லை 22 டிகிரிக்கு அருகில். 34 டிகிரியும் 65 சதவீத ஈரப்பதமுமாகப் புழுங்கும் சென்னையில் அந்த எல்லை 28க்கு மேல். கடற்கரை நகரத்தில் ஃபேன் திணறும். கடலே இல்லாத ஊரில் ஜோராக வேலை செய்யும்.

உப்பு உஷார்

ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த நீருக்கு ஈடாக உப்புநீரை ஊற்றினால் நாளுக்கு நாள் கரிப்பு ஏறி மீன்கள் மடியும். ஆர்.ஓ. நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். அதுவும் தினமும், கொஞ்சம் கொஞ்சமாக. ஆர்.ஓ. கருவி கழிக்கும் நீரை வீடு துடைக்க வைத்துக்கொள்ளலாம். குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2024 மார்ச்சில் அறிவித்த நகரத்தில் ஒவ்வொரு குடமும் கணக்குதான்.

ஐஸ் பாட்டில்? அவசரத்துக்கு மட்டும். உறைய வைத்த ஒரு லிட்டர் பாட்டில் 100 லிட்டர் நீரை ஒரு டிகிரி மட்டுமே குறைக்கும். நான்கைந்தை ஒன்றாகப் போட்டால் நீர் சட்டென்று குளிர்ந்து, பிறகு மறுபடி சூடாகும். இந்த ஏற்ற இறக்கம் சூட்டைவிட மோசம். ஐஸ் கட்டிகளை நேரடியாகப் போடுவது தவறு: குளோரினும் நல்ல தண்ணீரும் சேர்ந்து உள்ளே போகும்.

மின்வெட்டுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். பம்ப் நின்றால் சூடு கொல்வதற்கு முன் மூச்சுத் திணறல் கொன்றுவிடும். ஒரு சின்ன யுபிஎஸ்ஸில் காற்றுப் பம்பையும் ஃபேன்களையும் இணைத்துவிட்டால் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கலாம்.

இத்தனையும் செய்த பிறகும் நீர் 29 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் சில்லர் வாங்கலாம். விலை பல ஆயிரம். அதைவிடப் புத்திசாலித்தனம், தாங்கக்கூடிய உயிர்களை மட்டும் வளர்ப்பது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய முறையில் பண்ணையில் பொரித்து வளர்ந்த கோமாளி மீன்கள் தொட்டி வாழ்க்கைக்குப் பழகியவை. கற்பவளங்களையும் கடல்குதிரைகளையும் நம் கடலிலிருந்து எடுப்பதோ விற்பதோ வன உயிரினச் சட்டப்படி குற்றம். யாராவது மலிவாகத் தந்தாலும் வேண்டாம்.

முதலில் வாங்க வேண்டியது ஒரு தெர்மோமீட்டர். ஏப்ரல் மாதம் முழுவதும் பிற்பகல் மூன்று மணிக்கும் இரவு பத்து மணிக்கும் நீரின் வெப்பத்தைக் குறித்து வையுங்கள். எவ்வளவு செலவழிக்க வேண்டும், கடல் மீன் வளர்க்கலாமா என்பதையே அந்தக் காகிதம் சொல்லிவிடும். மீனை அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.