காலைச் செய்தி யாருடையது?

புதுச்சேரிப் பள்ளிகளின் காலை வணக்கக் கூட்டத்தில் ஒரு வாடிக்கையான வரிசை உண்டு: பாரதிதாசன் எழுதிய தமிழ்த்தாய் வாழ்த்து, ஒரு குறள், நாளிதழிலிருந்து சில தலைப்புச் செய்திகள், தலைமையாசிரியரின் அறிவிப்பு. செய்தியை வாசிப்பவர் மாணவர்தான். ஆனால் அது அவர் திரட்டிய செய்தி அல்ல. அச்சில் வந்ததை உரக்கப் படிக்கிறார், அவ்வளவே. கைபேசிக் கேமரா மூலக்குளம் போன்ற புதுச்சேரிப் பகுதிகளில் வீட்டுக்கு வீடு வந்துவிட்ட இந்நாளில், அந்தச் சில நிமிடங்களை மாணவர்களே செய்தி சேகரித்து, எழுதி, படம்பிடித்து, தொகுத்து வழங்கும் காணொளியாக மாற்ற வேண்டும் என்பது என் வாதம்.

நம் நாட்டில் கல்விக்கான திரை நெடுங்காலமாக ஒருவழிப் பாதை. 1975 ஆகஸ்டில் தொடங்கி ஓராண்டு நடந்த ‘சைட்’ செயற்கைக்கோள் தொலைக்காட்சிச் சோதனை ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களை எட்டியது. 2004-இல் கல்விக்கென்றே எஜுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 2019-இல் தமிழ்நாடு கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. மூன்றும் பெரிய முயற்சிகள். மூன்றிலும் பிள்ளைகளின் வேலை பெரும்பாலும் பார்ப்பதுதான். கேரளமோ 2018-இல் ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்களைத் தொடங்கிக் கேமராவை மாணவர் கையில் கொடுத்தது. 2,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் அவர்கள் ஒளிப்பதிவும் அனிமேஷனும் கற்கிறார்கள், பள்ளி விழாவைத் தாங்களே படமாக்குகிறார்கள். அந்தக் கேரளம் சூழ இருக்கும் மாஹே நம் ஒன்றியப் பிரதேசத்தின் பகுதி; இதை வெளியூர்ப் புதுமை என்று ஒதுக்க முடியாது. இன்னும் முன்னால், 1920-களில், பிரெஞ்சு ஆசிரியர் செலஸ்தேன் ஃப்ரெனே தம் கிராமப் பள்ளிக்குள் அச்சுப்பொறியைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் எழுதியதைப் பிள்ளைகளே அச்சுக்கோத்து மற்றப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். ஆசிரியர் மட்டும் திருத்தப்போகும் கட்டுரையில் கண்ணில் படாத பிழை, நாலு பேர் படிக்கப்போகிறார்கள் என்றதும் எழுதியவருக்கே தெரிந்துவிடும். காலைக் காணொளியில் ‘நாளை மருத்துவ முகாம்’ என்ற ஒரு வரியைச் சொல்வதற்கே எந்த வகுப்புக்கு, எத்தனை மணிக்கு, யார் சொன்னது என்று மாணவர் நடந்துபோய்க் கேட்டாக வேண்டும். பாடப்புத்தகம் எளிதில் தராத பயிற்சி அது.

செலவு அதிகம் என்பார்கள். ஸ்டுடியோ தேவையில்லை, ஜன்னல் வெளிச்சமும் சட்டையில் செருகும் சிறு மைக்கும் போதும். மங்கலான படத்தைப் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், எதிரொலியில் கரையும் பேச்சைப் பொறுக்க மாட்டார்கள். படிப்புக் கெடும் என்றால் வாரம் ஒருநாள் தொடங்கலாம். நன்றாகப் பேசும் நாலு பேருக்கே வாய்ப்புப் போகும் என்ற கவலை நியாயமானது. வகுப்புவாரியாக முறைவைத்தால்தான் அது தீரும். அதைவிட நியாயமானது, பிள்ளைகளின் முகம் இணையத்தில் பரவுமே என்ற பெற்றோரின் அச்சம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோர் விஷயத்தில் பெற்றோரின் ஒப்புதலை வலியுறுத்துகிறது. என் கருத்தில் இந்தக் காணொளி யூடியூபுக்கே போகக் கூடாது. பள்ளிக்குள் ஓடினால் போதும்.

பள்ளி நிர்வாகம் தயங்குவதற்கு வேறொரு காரணமும் இருக்கும்: கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று பிள்ளைகள் செய்தி வாசித்துவிட்டால்? வாசிக்கட்டும். பொறுப்பாசிரியர் தகவல் சரியா என்று பார்க்க வேண்டுமே தவிர, சங்கடமானது என்பதற்காக வெட்டக் கூடாது. எத்தனை நாளாக வரவில்லை, எந்தத் தளத்தில் என்று கேட்டறிந்து, தலைமையாசிரியரிடம் மைக்கை நீட்டி அவர் பதிலையும் சேர்த்து ஒளிபரப்ப மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். குழாய் சரியானதும் அதையும் மறுவாரச் செய்தியில் சொல்ல வைக்க வேண்டும்.