நன்மை வாங்கும் முறை

நாம் வாழும் இந்நாட்டில் ஞாயிறு திருப்பலிக்கு நம் பிள்ளைகளோடு அம்மம்மாவும் வருகின்றார். நற்கருணை பெறும் வேளையில் பேரப்பிள்ளை கையை நீட்டுகின்றது. அம்மம்மாவோ கைகூப்பி நின்று நாவில் வாங்குகின்றார். வீடு திரும்புகையில், "எது சரி?" என்ற வினா எழுகின்றது. சில இல்லங்களில் அது மனத்தாங்கலாய் முடிவதுமுண்டு.

திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பம் வெறும் அடையாளம் அன்று. அப்பத்தின் தோற்றத்தில் கிறிஸ்துவே மெய்யாக எழுந்தருளியிருக்கின்றார் என்பது கத்தோலிக்கரின் விசுவாசம். நாம் காட்டும் வணக்கம் யாவும் இதிலிருந்தே பிறக்கின்றது. எனவேதான் கனமான பாவம் செய்தவர், முதலில் பாவசங்கீர்த்தனம் செய்த பின்னரே நன்மை வாங்க வருவர்.

நம் பாட்டன்மார் நள்ளிரவு முதல் தண்ணீரும் அருந்தாதிருந்து நன்மை வாங்கினர். 1953இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் தண்ணீருக்கு இசைவளித்தார். 1957இல் உணவு நோன்பு மூன்று மணி நேரமாயிற்று. 1964இல் 6ஆம் சின்னப்பர் அதனை ஒரு மணி நேரமாக்கினார். ஒரு மணி நேரந்தானே! அதற்குள்ளும் சுவிங்கம் மென்றவாறு வரிசையில் நிற்கும் சிறுவரை நாம் காண்கின்றோம்.

இனி, வினாவுக்கு வருவோம். கையில் வாங்குவது புதுமை அன்று. 4ஆம் நூற்றாண்டில் எருசலேம் ஆயராயிருந்த புனித சிரில், அரசரை வரவேற்பதுபோல் இடக்கையை வலக்கைக்கு அரியணையாக்கி வாங்குமாறும், பொற்றுகளைக் காப்பதினும் கவனமாக ஒவ்வொரு துணுக்கையும் காக்குமாறும் புதுக் கிறிஸ்தவர்களுக்குக் கற்பித்தார். பின்னாளில் நாவில் வழங்கும் வழக்கம் மேலைத் திருச்சபையில் நிலைபெற்றது. 1969இல், ஆயர்கள் வேண்டிய நாடுகளில் கையிலும் வழங்க உரோமை இசைந்தது. ஆகவே அம்மம்மா செய்வதும் சரி; பிள்ளை செய்வதும் சரி.

இன்று பொதுவாக இடக்கையை மேலே வைத்து வாங்குகின்றோம். இடக்கையில் வாங்குவதா என நம் பெரியோர் கூசுவது இயல்பே. வலக்கை விரல்களால் எடுத்து உட்கொள்வதற்காகவே அவ்வாறு வைக்கின்றோம். வாங்குமுன் தலை வணங்கி, "கிறிஸ்துவின் திருவுடல்" என்று சொல்லப்படும்போது, "ஆமென்" எனத் தெளிவாக விடையளித்தல் வேண்டும். அவ்விடத்திலேயே உட்கொள்ளல் வேண்டும். கையில் ஏந்தியபடி இருக்கைக்குத் திரும்பலாகாது. பின்னர் உள்ளங்கையில் துணுக்கு ஏதும் உள்ளதா எனப் பார்ப்பதும் நன்று.

நம் தமிழ்ப் பள்ளியின் சைவ நண்பர்களும் சிலவேளை திருப்பலிக்கு வருகின்றனர். அனைவர்க்கும் வழங்கும் கோயிற் பிரசாதம் போன்றது இதுவெனக் கருதி, அவர்கள் வரிசையில் சேர்ந்துவிடுவதுண்டு. முன்கூட்டியே சொல்லிவைப்பது நம் கடமை. அவர்கள் இருக்கையிலேயே அமர்ந்திருக்கலாம்; சில ஆலயங்களில், கைகளை மார்பின்மீது குறுக்காக வைத்துச் சென்று ஆசி மட்டும் பெறலாம். இதனை அவமதிப்பென அவர்கள் எண்ண வேண்டா. கத்தோலிக்கக் குழந்தைகளும் முதல் நன்மை வரை காத்திருப்பவர்களே. ஏறத்தாழ ஏழு வயதில் வாங்கலாம் என 10ஆம் பத்திநாதர் 1910இல் விதிக்குமுன், பல நாடுகளில் பன்னிரண்டு வயது வரையுங்கூடக் காத்திருந்தனர்.